சாமந்தி செடி ஓரம் கருகுதா? யூரியா போடாதீங்க, பழவேற்காடு மண்ணில் பூ பூக்க வைப்பது எப்படி?

ஆசையாய் வாங்கி வந்து வாசலில் வைத்த சாமந்தி செடி கொஞ்ச நாளிலேயே இலை ஓரம் கருகி நின்றால் யாருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். 'உரம் பத்தலை போல' என்று ஒரு கை யூரியாவை அள்ளிப் போட்டால் அவ்வளவுதான். இருக்கிற உயிரும் போய்விடும்.

பழவேற்காடு ஏரி, கடல் தண்ணீரும் ஆற்று தண்ணீரும் கலக்கும் உப்பங்கழி. ஏரியை ஒட்டிய மீனவ குப்பங்களில் மண்ணும் மணல், பல இடங்களில் கிணற்று தண்ணீரும் உப்பு. ரசாயன உரமும் ஒருவகை உப்புதான். உப்போடு உப்பு சேர்ந்தால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் செடி கருகிவிடும்.

எந்த சத்து என்ன செய்யும்?

தழைச்சத்து குறைந்தால் அடி இலை மஞ்சளாகும். கூடினால் இலை மட்டும் கொழுத்து, பூ தள்ளிப்போகும். பறித்த பூவும் சீக்கிரம் வாடும். மணிச்சத்து வேருக்கு பலம். சாம்பல் சத்து தண்டுக்கும் பூவின் நிறத்துக்கும் தேவை.

தமிழ்நாடு வேளாண்மை பல்கலைக்கழகம் ஒரு ஹெக்டேர் சாமந்திக்கு பரிந்துரைக்கும் அளவு: தொழுவுரம் 25 டன், தழைச்சத்து 125 கிலோ, மணிச்சத்து 120 கிலோ, சாம்பல் சத்து 25 கிலோ. இதில் தழைச்சத்தை மட்டும் பாதி நடும்போதும், மீதியை 30 நாள் கழித்தும் போட வேண்டும்.

கிளிஞ்சல் கலந்த மண்ணில் சுண்ணாம்பு அதிகம். அங்கே துளிர் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக தெரிந்தால் அது இரும்புச்சத்து குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி கலந்து தெளிக்கலாம். அடுப்பு சாம்பல் இந்த மண்ணுக்கு வேண்டாம். சுண்ணாம்புத் தன்மையை அது இன்னும் கூட்டிவிடும்.

காசில்லாத உரம்

மீன் கழிவே நல்ல உரம். நல்ல தண்ணீரில் கழுவிய பச்சை மீன் கழிவுக்கு சம எடை வெல்லம் சேர்த்து, மூடி வைத்தால் சுமார் ஒரு மாதத்தில் மீன் அமிலம் தயார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். கருவாட்டு கழிவை மட்டும் தொடவே கூடாது. அதில் இருப்பது முழுக்க உப்பு.

தொட்டியில் செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு, மணல் 1 பங்கு போட்டு, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மழைத் தண்ணீரை பிடித்து வைத்து ஊற்றினால் ரொம்ப நல்லது. மொட்டில் நிறம் தெரிந்ததும் உரத்தை நிறுத்திவிட வேண்டும்.

வயலில் மிஞ்சும் உரம் எங்கே போகும்? மழையோடு ஆரணியாறு போன்ற ஆறுகள் வழியாக ஏரிக்குத்தான். சத்து மிஞ்சினால் பாசி பெருகும். அது அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீனும் இறாலும் தவிக்கும். அளவு மீறிய உரத்தால் பூவுக்கும் நஷ்டம், வலைக்கும் நஷ்டம்.