உஷார்! மூக்குக்குத் தெரியாத எமன்

ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ஜிகினாத் தூள் நாலு பாக்கெட். வாடகைக்கு ஒரு கம்ப்ரசர். ஒரு லிட்டர் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு), அதோடு கையடக்கமாக ஒரு சின்ன டப்பா. இவ்வளவும் உங்கள் வீட்டுப் போர்டிகோவில் வந்து இறங்கிவிட்டதா? ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய காருக்கு வீட்டிலேயே மெட்டாலிக், பேர்ல் மினுக்கம் ஏற்றுவது வீடியோவில் பத்து நிமிட வேலை. தூளைக் கிளியரில் கலக்குகிறார்கள், அடிக்கிறார்கள், கார் ஜொலிக்கிறது. தூளைப் பார்த்து நான் அலறவில்லை. பேர்ல் என்பது பெரும்பாலும் டைட்டானியம் டையாக்சைடு பூசிய மைக்காத் துகள்; ஜிகினா பெரும்பாலும் பாலியெஸ்டர். என் பயமெல்லாம் அந்தச் சின்ன டப்பாவைப் பற்றித்தான். அதுதான் ஹார்ட்னர்.

இரண்டு டப்பா கலந்து அடிக்கும் கிளியருக்குப் பட்டறையில் 'டூ கே' என்று பெயர். அதை இறுக வைப்பது ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட்; இரண்டும் ஒரே குடும்பம். போபாலில் கசிந்தது ஆவியாகி ஊருக்குள் பரவியது. இது அவ்வளவு எளிதில் ஆவியாகாது, டப்பாவுக்குள் அடங்கிக் கிடக்கும். ஸ்ப்ரே கன்தான் அதைப் பனியாகப் பொடித்து நேராக நுரையீரலுக்கு அனுப்பிவைக்கிறது.

அந்தப் பனி கண்ணுக்கும் சரியாகத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. நீங்கள் முகர்வது தின்னர் வாடையை. "வாடை போயிடுச்சு, இனி பயமில்லை" என்று மாஸ்க்கைக் கழற்றும் நேரத்திலும் ஐசோசயனேட் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். துணி மாஸ்க், என்95 இரண்டும் இதற்குப் போதாது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க்கிலும் ஒரு சிக்கல்: வடிகட்டி தீர்ந்துவிட்டதா என்று காட்டிக்கொடுக்க வாடை கிடையாதே! அதனால்தான் முறையான பெயிண்ட் பூத்தில் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் மாஸ்க் போடுகிறார்கள்.

ஐசோசயனேட் தரும் நோய் ஆஸ்துமா. அடித்த அன்றே வந்தாக வேண்டும் என்றில்லை. பல மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் வறட்டு இருமலும் நெஞ்சு இறுக்கமும் வரலாம். உடம்பு ஒருமுறை இதற்குப் பகையாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு திணறும். அந்தப் பகையைத் தீர்க்க மருந்து இல்லை. விலகி இருப்பதுதான் வழி. போர்டிகோவை ஒட்டிய ஹாலில் வீசிங் உள்ள பாட்டியோ கைக்குழந்தையோ இருந்தால், அவர்களையும் கேட்காமல் இதில் இழுத்துவிடுகிறீர்கள்.

ஜிகினா இங்கேதான் வில்லனாகிறது. கம்பெனி போட்ட கிளியர் சுமார் 0.05 மி.மீ. கனம். ஜிகினாத் துகளோ 0.2 மி.மீ. அகலம்கூட இருக்கும். படுக்காமல் நிமிர்ந்து நிற்கும் துகள்களை மூடி மழமழப்பாக்க, கோட்டுக்கு மேல் கோட்டாகக் கிளியர் அடிக்க வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஹார்ட்னர் பனி இன்னொரு தடவை.

அடுத்தது தீ. தின்னரில் சேரும் டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியைக் கக்கும்; நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய்ப் பூஜையறை விளக்கையோ கேஸ் அடுப்பையோ தொட்டால் போதும். காற்றோட்டத்துக்கு என்று வைத்த டேபிள் ஃபேனின் சுவிட்சில் ஒரு பொறி வந்தாலும் போதும்.

கேட்டுக்கு அடிக்கும் சில்வர் பவுடரை வாங்கிக் கலக்க நினைப்பவர்களே, அது நைசான அலுமினியத் தூள். பறந்த தூளில் பொறி பட்டால் வெடிக்கும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது; ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை மோசமாகும். காய்ந்த மணல்தான் போட வேண்டும்.

"முதலில் ஹெல்மெட்டில் அடித்துப் பார்க்கிறேன்" என்பதும் வேண்டாம். தின்னர் ஹெல்மெட் ஓட்டையே பலவீனமாக்கிவிடும். விழும் நாளில்தான் அது தெரியவரும்.

ஆசை விடவில்லையா? பட்டறைக்குப் போங்கள். "அண்ணே, பூத் இருக்கா? அடிக்கிறவருக்குக் காத்து வர்ற மாஸ்க் இருக்கா?" என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு பட்டறை பாருங்கள். "வீட்டுக்கே வந்து அடிச்சுத் தர்றேன்" என்பவருக்கும் இதே கேள்விதான். நிறமே மாறுவதாக இருந்தால் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறத்தைப் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே அடித்துவிட்டு இப்போது இருமுகிறவர்கள் டாக்டரிடம் "தூசி அலர்ஜி" என்று மழுப்பாதீர்கள். ஹார்ட்னர் டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக் காட்டுங்கள். மூச்சு இழுத்துக்கொண்டால் உடனே 108.

திறக்காத ஹார்ட்னரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலு பாக்கெட் ஜிகினாவா? பிள்ளைகளின் ஸ்கூல் சார்ட்டுக்கு ஆகும்.