நொடிக்கு 100 முறை அணையும் விளக்கு

பங்காருபேட்டையில் இறங்கி மாரிகுப்பம் ரயிலில் ஏறினால் வருகிற கோலார் தங்கவயலுக்கு, 1902இலேயே மின்சாரம் வந்துவிட்டது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். பெங்களூரு வீதிகளில் மின்விளக்கு எரிந்ததே 1905இல்தான். அந்தக் காவிரி மின்சாரம் நொடிக்கு 25 சுழற்சி கொண்டது. சுரங்க மோட்டார்களுக்கு அது போதும். இழை பல்புக்கும் பெரிய தொல்லை இல்லை. சிவக்கக் காய்ந்த இழை சட்டென்று ஆறாது.

டியூப்லைட் வேறு சாதி. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை பூஜ்யத்தைத் தொடும். அப்போதெல்லாம் உள்ளிருக்கும் பாதரச ஆவி அணைந்து மீண்டும் பற்றும். 25 சுழற்சியில் நொடிக்கு 50 துடிப்பு, கண்ணே கண்டுபிடித்துவிடும். இன்றைய 50 சுழற்சியில் 100 துடிப்பு. கண் ஏமாறும், ஆனால் லேத் பட்டறையில் அந்த ஏமாற்றம் ஆபத்து. நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும் லேத்தின் நான்கு தாடைச் சக், ஒரு துடிப்புக்குக் கால் சுற்று நகரும்; ஒரு தாடை இருந்த இடத்துக்கு அடுத்த தாடை வந்துவிடும். ஓடுவது நிற்பதுபோல் தெரியும். பட்டறை வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

பற்றிய ஆவி மின்னோட்டத்தை வரைமுறையின்றி இழுக்கும். அதை அடக்குவதுதான் சோக்கின் வேலை. இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய கம்பிச்சுருள்தான் காப்பர் சோக். ஸ்டார்டர் திறக்கும் கணத்தில் பல நூறு வோல்ட் எழுப்பி விளக்கைப் பற்றவைப்பதும் அதுவே. எலக்ட்ரானிக் சோக், வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, நொடிக்கு 20,000 சுழற்சிக்கும் மேலாக மாற்றித் தருகிறது. ஆவிக்கு அணைய நேரமே கிடைப்பதில்லை. ரீங்காரமும் இல்லை, ஸ்டார்டரும் வேண்டாம்.

36 வாட் குழலுக்குக் காப்பர் சோக்கோடு 45 வாட் பக்கம் ஆகும். எலக்ட்ரானிக்கில் 36க்குள் அடங்கும். தினம் 10 மணி நேரம் எரியும் கடைக்கு ஆண்டில் 30 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருவிலும் எலக்ட்ரானிக் சோக் தயங்காமல் பற்றவைக்கும். ஆனால் இடி மின்னலும் வோல்டேஜ் ஏற்றமும் அதற்கு எமன். வெக்கையில் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் வற்றிப்போகும். காப்பர் சோக் இருபது ஆண்டு தாங்கும், கெட்டாலும் செம்புக்கு விலை உண்டு. ஆகவே நாள் முழுதும் எரியும் கடை, வகுப்பறை, சுழலும் எந்திரம் உள்ள பட்டறை, மூன்றிலும் எலக்ட்ரானிக்தான் என்பேன். எப்போதாவது எரியும் கிடங்குக்குக் காப்பரே போதும். திறன்காரணி குறையாதிருக்க ஒரு கெப்பாசிட்டரை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாதரசம் கொண்ட குழல்களின் உற்பத்தியை 2027க்குள் நிறுத்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவெடுத்துவிட்டன. இனி எல்இடிதான். அதிலும் டிரைவர் என்ற பெயரில் ஒரு எலக்ட்ரானிக் சுற்று இருக்கிறது. மலிவான டிரைவரில் கெப்பாசிட்டரைச் சுருக்கிவிட்டால் பழைய 100 துடிப்பு திரும்பிவிடும். கடையிலேயே விளக்கை எரியவிட்டுக் கைபேசி கேமராவை அதன் பக்கம் காட்டுங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் நகர்ந்தால், அந்தப் பல்பை வாங்காதீர்கள்.