காருக்குள் ஒரு எஞ்சின்

டெல்லியில் மாயாபுரி என்று ஓர் இடம் இருக்கிறது. கொல்கத்தாவில் மல்லிக் பஜார். மும்பையில் குர்லா. இங்கெல்லாம் பழைய வண்டிச் சாமான்கள் விற்கிறார்கள். கதவு, கண்ணாடி, சக்கரம், சீட் எல்லாம் கிடைக்கும். முழு எஞ்சினும் கிடைக்கும்.

மாருதி 800 கார் நமக்குத் தெரியும். 1983 டிசம்பரில் வந்தது. 2014 ஜனவரியில் அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பல ஊர்களில் இன்னும் ஓடுகிறது. அதன் எஞ்சின் கெட்டுப்போனால் பலர் என்ன செய்கிறார்கள்? நல்ல நிலையில் உள்ள பழைய எஞ்சின் ஒன்றை வாங்குகிறார்கள். பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்கிறார்கள்.

எப்படிக் கொண்டுபோவது? டெம்போவுக்கு வாடகை கொடுக்க வேண்டும். கையில் ஒரு சின்னக் கார் இருக்கிறது. "பத்து கிலோமீட்டர்தானே, பின்னாலே போட்டுக்கொண்டு போய்விடலாம்" என்று தோன்றும். போகலாம். ஆனால் சும்மா போட்டுக்கொண்டு போகக் கூடாது.

முதலில் எந்த எஞ்சின் என்று பாருங்கள். மாருதி 800-இன் எஞ்சின் சிறியது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. கியர் பெட்டியைக் கழற்றிவிட்டால் சின்னக் காருக்குள் அடங்கும். அம்பாசடர் எஞ்சின் அப்படி அல்ல. அந்தப் பழைய 1489 சி.சி. எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. கெட்டியான வார்ப்பிரும்பு. அதைச் சின்னக் காரில் ஏற்ற நினைக்கவே வேண்டாம். டீசல் எஞ்சின்களும் அப்படித்தான். அவற்றுக்கு டெம்போதான் சரி. வாடகையை மிச்சம் பிடித்துக் காரைக் கெடுத்துக்கொள்வதில் என்ன லாபம்?

எஞ்சின் ஏன் ஆபத்து?

காருக்கு ஏற்கெனவே ஓர் எஞ்சின் இருக்கிறது. அது போல்ட் போட்டு வண்டியோடு முறுக்கப்பட்டிருக்கிறது. நாம் ஏற்றும் எஞ்சின் விருந்தாளி. அதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கார் ஓடும்போது அதுவும் காரின் வேகத்தில் ஓடுகிறது. பிரேக் போட்டால் கார் நிற்கும். எஞ்சின் நிற்காது. முன்னால் போகவே பார்க்கும். பஸ்ஸில் நிற்பவர்கள் பிரேக் போட்டதும் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? அதே கதைதான். மனிதர் கம்பியைப் பிடித்துக்கொள்வார். எஞ்சினுக்குக் கை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் எஞ்சின் எதன் மேலாவது மோதினால், 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். 10 மீட்டர் என்றால் மூன்று மாடி உயரம். மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் எஞ்சினுக்குக் கீழே யாராவது உட்காருவார்களா? கட்டாத எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு கணக்கு. அதே வேகத்தில் போகும் கார் ஒரு மரத்தில் மோதுகிறது. அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது. அப்போது அந்த 80 கிலோ எஞ்சின், சுமார் 1600 கிலோ எடை போல முன்னால் தள்ளும். அதாவது 32 மூட்டை சிமெண்ட். முன் சீட்டின் முதுகு மனிதர் சாய்வதற்காகச் செய்தது. அதை அது தாங்காது. அந்த அளவு மோதலில் நாம் கட்டும் பட்டையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் கட்டுவதும் வேண்டும், மெதுவாகப் போவதும் வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் மோதும் பலம் கால் பங்காகிவிடும். 25 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்று மாடி, இரண்டரை மீட்டராகக் குறைந்துவிடுகிறது.

ஏற்றுவதற்கு முன்

எஞ்சினில் உள்ள எண்ணெயை வடித்துவிட வேண்டும். மாருதி 800 எஞ்சினில் சுமார் 3 லிட்டர் எண்ணெய் இருக்கும். அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி, ஒரு ராத்திரி அப்படியே வைத்துவிடுவது நல்லது. மறுநாள் போல்ட்டைத் திரும்ப முறுக்க மறக்க வேண்டாம். என்னதான் வடித்தாலும் கொஞ்சம் உள்ளே தங்கும். எஞ்சின் சாய்ந்தால் வெளியே வரும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய எண்ணெய் வாங்குவோர் இருக்கிறார்கள்.

குளிர்விக்கும் நீரையும் வடியுங்கள். கார்புரேட்டர் இருந்தால் அதில் பெட்ரோல் தங்கியிருக்கும். அதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் கார்த் தரையிலேயே தங்கும். ஒரு தீப்பொறி போதும். எனவே கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். பீடி பிடிப்பவர் இறங்கித் தள்ளி நின்று பிடிக்கட்டும்.

ஆல்டர்னேட்டர், புகைக்குழாய், காற்று வடிகட்டிப் பெட்டி இவற்றைக் கழற்றித் தனியாக ஒரு பெட்டியில் வையுங்கள். எடை குறையும். நீட்டிக்கொண்டிருப்பது உடையாது. ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் ஓட்டை திறந்துகொள்ளும். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தால் போதும், வாங்கிய எஞ்சின் முதல் நாளே கெட்டுவிடும். திறந்திருக்கும் மற்ற ஓட்டைகளைச் சுத்தமான துணியால் அடைத்து, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். உள்ளே நூல் பிரியும் கந்தல் துணி வேண்டாம்.

எங்கே வைப்பது?

பலர் எஞ்சினை டிக்கியின் கடைசியில் வைக்கிறார்கள். ஏற்ற இறக்கச் சுலபம். ஆனால் அங்கே வைத்தால் எடை முழுவதும் பின் சக்கரத்துக்கும் பின்னால் போய்விடுகிறது. ஏற்றப் பலகையின் ஒரு முனையில் கனம் போட்டால் மறுமுனை தூக்குகிறதே, அதுபோலக் காரின் முன்பக்கம் லேசாகிறது. ஸ்டியரிங் பிடிமானம் குறையும். முன் பிரேக்கின் பிடியும் குறையும். இரவு நேரமானால் முன்விளக்கு மேலே பார்த்து எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும்.

சீட்டின் மேல் வைப்பதும் தவறு. மெத்தை அமுங்கும், எஞ்சின் ஆடும், திருப்பத்தில் உருளும்.

நல்ல இடம் எது? முன் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் தரை. பின் சீட்டின் மெத்தையைக் கழற்றிவிட்டால் இன்னும் இடம் கிடைக்கும். அது தாழ்வான இடம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள இடம். இடது பக்கமாக வையுங்கள். அப்போது ஓட்டுநரின் முதுகுக்கு நேர் பின்னால் எஞ்சின் இருக்காது. ஆனால் முன் இடது சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. குழந்தைகளை அந்தப் பயணத்தில் கூட்டிப் போகவே கூடாது.

எஞ்சினுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். இடைவெளி இருந்தால் எஞ்சின் ஓடிவந்து இடிக்கும். இடைவெளி இல்லையென்றால் சாய்ந்து தள்ளும். ஓடிவந்து இடிப்பது வேறு, சாய்ந்து தள்ளுவது வேறு. நடுவில் ஒரு கெட்டிப் பலகையைச் சொருகி வைத்தால் பலம் ஒரே இடத்தில் விழாமல் பரவும்.

எஞ்சினின் அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைச் சம்ப் என்பார்கள். அது மெல்லிய தகடு. அதன் மேல் எடை விழுந்தால் நெளியும். நெளிந்தால் உள்ளே எண்ணெய் இழுக்கும் குழாய் அடைபடும். இதற்குப் பட்டறைக்காரர்கள் நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய டயர். முதலில் தரையில் பிளைவுட் பலகை. அதன் மேல் பாலித்தீன் விரிப்பு. அதன் மேல் டயர். டயரின் நடு ஓட்டைக்குள் சம்ப் இறங்கியிருக்கும்படி எஞ்சினை உட்காரவைக்கிறார்கள். எடை டயரின் விளிம்பில் விழுகிறது. உருளவும் செய்யாது. குலுங்கலையும் டயர் வாங்கிக்கொள்கிறது. செலவு ஒன்றும் இல்லை.

தூக்குவது

செயின் பிளாக் இருந்தால் நல்லது. எஞ்சினில் தூக்குவதற்கென்றே கொக்கிகள் இருக்கும். சங்கிலியை அதில் மாட்ட வேண்டும். மேல் மூடியிலோ குழாயிலோ மாட்டக் கூடாது. செயின் பிளாக் இல்லையென்றால் எஞ்சினைக் கயிற்றில் கட்டி, நடுவில் மூங்கில் கொடுத்து இரண்டு பக்கமும் ஆள் பிடிக்கலாம். முழங்காலை மடக்கித் தூக்குங்கள். குனிந்து இடுப்பால் தூக்கினால் அடுத்த மாதச் சம்பளம் வைத்தியருக்குப் போகும். கார் வாசலில் வைத்துச் சறுக்கித் தள்ளும்போது விரல் நசுங்கும் இடம் அதுதான். ஒருவர் மட்டும் சொல்ல, மற்றவர்கள் கேட்க வேண்டும்.

கட்டுவது

தேங்காய்நார்க் கயிறும் பிளாஸ்டிக் கயிறும் இதற்கு உதவாது. நீளும், வழுக்கும், முடிச்சு அவிழும். லாரிக்காரர்கள் சாமான் கட்டும் பட்டை இருக்கிறது. கைப்பிடியை ஆட்டி இறுக்கும் வகை. அதை வாங்குங்கள். நான்கு பட்டை வேண்டும். இரண்டு பட்டை எஞ்சினைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்க வேண்டும். முன்னால் போகவிடாமல் பிடிப்பது அவைதான். மற்ற இரண்டும் இரண்டு பக்கமும் கீழ்நோக்கி இறுக்க வேண்டும்.

பட்டையின் மறுமுனையை எதில் மாட்டுவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கதவுக்கு மேலே உள்ள கைப்பிடி பிளாஸ்டிக். சீட் பெல்ட்டின் துணி மனிதருக்கானது. இவை வேண்டாம். சீட் பெல்ட் தரையில் முறுக்கப்பட்டிருக்கும் போல்ட், சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட், இவை காரின் உடம்போடு சேர்ந்தவை. அங்கே மாட்டுங்கள். எஞ்சினின் கூரான விளிம்பில் பட்டை உரசும் இடத்தில் பழைய டியூப் துண்டை மடித்து வையுங்கள். உரசினால் பட்டை கத்தியால் அறுத்ததுபோல் அறுந்துவிடும். ஸ்பானர், ஜாக்கி, கழற்றிய சாமான் பெட்டி எல்லாவற்றையும்கூடக் கட்ட வேண்டும். அவையும் பறக்கும்.

வழியில்

கிளம்பும் முன் டயர் காற்றைப் பாருங்கள். ஆள் நிறைந்த வண்டிக்கு எவ்வளவு என்று கதவு ஓரத்திலோ வண்டிப் புத்தகத்திலோ போட்டிருக்கும். அந்த அளவு வேண்டும். ஐந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்றாவது தளர்ந்திருக்கும். திரும்ப இறுக்குங்கள். 40 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரு மடங்கு இடம் விடுங்கள். வேகத்தடையில் நடை வேகம் போதும்.

கையில் கடையின் ரசீது இருக்க வேண்டும். ரசீதில் எஞ்சின் எண் எழுதியிருக்க வேண்டும். எண் எஞ்சினிலேயே குத்தப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று ஏற்றும் முன்பே பாருங்கள். திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்கும் கும்பல்கள் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரின் சோட்டிகஞ்ச் சந்தை அதற்குப் பேர்போனது. 2021 டிசம்பரில் போலீசார் அதை மூடினார்கள். வழியில் போலீசார் கேட்டால் ரசீதுதான் பேசும். காரின் ஆர்.சி. புத்தகத்திலும் எஞ்சின் எண் இருக்கிறது. எனவே எஞ்சினை மாற்றிய பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புது எண்ணைப் பதிய வேண்டும்.

பட்டறை வந்ததும் அவசரப்பட்டு எல்லாப் பட்டைகளையும் அவிழ்த்துவிடாதீர்கள். வண்டி மேடான இடத்தில் நின்றால் எஞ்சின் தானாகவே நகரும். சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். செயின் பிளாக்கின் சங்கிலியை மாட்டி, அது எடையை ஏற்றுக்கொண்ட பிறகு கடைசிப் பட்டையை அவிழ்க்கலாம்.