ராகம் தெரியாத எந்திரம்!

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகன் கோவிலுக்குச் செல்பவர்கள் இங்கேதான் திரும்ப வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்களில் திருவிழா என்றால் மேளம் உண்டு. இரவில் இன்னிசைக் கச்சேரியும் உண்டு. கச்சேரி மேடையில் கீபோர்டு வாசிப்பவரைச் சில சமயம் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். மூன்று கட்டைகளை அழுத்திக்கொண்டு சும்மா இருப்பார். ஸ்வரங்களோ ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்!

விரல் அசையவில்லை. ஸ்வரம் எப்படி ஓடுகிறது?

யாழ் தந்த பெயர்

இந்த வித்தையைச் செய்யும் பகுதிக்கு ‘ஆர்ப்பெஜியேட்டர்’ என்று பெயர். இத்தாலிய மொழியில் ‘ஆர்ப்பா’ என்றால் நம் யாழைப் போன்ற நரம்பு வாத்தியம். யாழ் நரம்புகளை ஒவ்வொன்றாக மீட்டுவதுபோல, அழுத்திய கட்டைகளை எந்திரம் தனித்தனியே ஒலிக்கச் செய்கிறது.

இதன் கூட்டாளி ‘சீக்வென்சர்’. எந்த நேரத்தில் எந்த ஸ்வரம் என்று முன்கூட்டியே பதித்து வைக்கும் பெட்டி இது. விரலுக்குப் பதிலாக இதுவே ஸ்வரங்களை மாற்றிக் கொடுக்கும். ஆர்ப்பெஜியேட்டர் நிற்காமல் ஓடும்.

பஞ்சமம் புகுந்தால்?

ஆபத்தும் இங்கேதான். மோகனத்துக்கு ‘ஸ, க, ப’ என்று பதித்தால் குற்றமில்லை. மூன்றும் அந்த ராகத்தின் ஸ்வரங்கள். இந்தோளத்துக்கும் அதே பழக்கத்தில் ‘ப’வைச் சேர்த்தால்? இந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது! சுற்றுக்குச் சுற்று ‘ப’ தலைகாட்டும். ராகம் போயிற்று. எந்திரத்துக்கு இது தெரியாது. பதிக்கிறவருக்குத்தான் தெரிய வேண்டும்.

கணக்கும் உண்டு. 16 படிகள் கொண்ட சுற்றில் 3 ஸ்வரங்கள் 5 முறை ஓடினால் ஒரு படி மிஞ்சும். ‘ஸ, க, ம, த’ என்று 4 ஸ்வரங்கள் கொடுத்தால் 4 முறை ஓடி, சரியாகச் சமத்தில் வந்து நிற்கும். ஸ்வரத்தை மாற்றவும் அதுவே பொருத்தமான இடம்.

பம்பாயில் ஒருவர்

பம்பாய்த் திரையுலகின் வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளை இணைத்தார். ஆர்ப்பெஜியேட்டர் உள்ள ஜுப்பிட்டர்-8 கீபோர்டு, டி.ஆர்.-808 தாளப் பெட்டி, டி.பி.-303 சீக்வென்சர். டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை இசைத்தட்டாக்கினார்! நம் மோகனத்தை ஒத்த பூபாலியும், இந்தோளத்தை ஒத்த மால்கௌன்ஸும் அதில் உண்டு.

டி.பி.-303-ல் ஸ்வரங்களைத் தனியாகவும் காலத்தைத் தனியாகவும் பதிக்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு அது உதவாது. ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு, ஜாரு போல வழுக்கிச் செல்லும் வசதி அதில் இருந்தது.

இசைத்தட்டு அப்போது விலைபோகவில்லை. 1987-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், இதே டி.பி.-303 பெட்டியைக் கொண்டு ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை கிளம்பியது. உலகமே ஆடியது! 2010-ல் பம்பாய்த் தட்டு மறுபடி வெளியானபோதுதான், அதே ஓசை ஐந்து வருஷம் முன்பே இந்தியாவில் ஒலித்தது என்று பலரும் வியந்தார்கள். முதுமையில் கிடைத்த புகழைச் சரண்ஜித் சிங் சில ஆண்டுகளே அனுபவித்தார். 2015-ல் காலமானார்.

அடுத்த திருவிழாவில் அந்தக் கீபோர்டுக்காரரைப் பாருங்கள். சும்மா இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். எந்த ஸ்வரத்தை உள்ளே விடுவது, எதை விலக்குவது என்ற வேலையை அவர் முன்பே முடித்துவிட்டார்!