சொட்டு மருந்தைத் தடுத்தது மதமா, அவநம்பிக்கையா?

புதுதில்லி: இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தையை போலியோ தாக்கியது 2011 ஜனவரி 13-ஆம் தேதி, மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27-இல் தென்கிழக்கு ஆசியா முழுவதும் போலியோ அற்ற பகுதியாகச் சான்றளிக்கப்பட்டது. 1995-இல் நாடு தழுவிய சொட்டு மருந்து இயக்கத்தைத் தொடங்கிய இந்தியா, இந்த இலக்கை எட்ட இத்தனை ஆண்டுகள் ஆனது ஏன்? விடையின் பெரும்பகுதி, மொராதாபாத் உள்ளிட்ட மேற்கு உத்தரப் பிரதேச மாவட்டங்களில் இருக்கிறது.

2002-இல் நாட்டில் பதிவான 1,600 போலியோ பாதிப்புகளில் 1,242 உத்தரப் பிரதேசத்தில் ஏற்பட்டவை. பாதிக்கப்பட்டவர்களில் முஸ்லிம் குழந்தைகளின் விகிதம், மக்கள்தொகையில் அச்சமூகத்தின் விகிதத்தைவிட மிக அதிகம். சொட்டு மருந்து குழந்தைகளை மலடாக்கும், முஸ்லிம்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் சதி இது என்ற வதந்தி அங்கு பரவியிருந்தது. உள்ளூர் மதகுருமார் சிலர் அதற்குத் துணைநின்றனர். சுகாதாரப் பணியாளர்களைக் கண்டதும் கதவுகள் அடைக்கப்பட்டன.

இதை மதவாதிகளின் அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. 1976 அக்டோபரில் முஜாபர்நகரில் கட்டாயக் கருத்தடையை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. அந்த நினைவு மறையாத ஊர்களில் வதந்தி வேர்விட்டதில் வியப்பில்லை. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து தராத அரசு, கேட்காத சொட்டு மருந்தை மட்டும் திரும்பத் திரும்ப வீடு தேடிக் கொண்டுவருவானேன் என்ற பெற்றோரின் கேள்வியும் நியாயமானதே.

மருத்துவக் காரணமும் உண்டு. நெரிசலும் சுகாதாரக்கேடும் மிகுந்த அப்பகுதியில் பழைய சொட்டு மருந்தின் பலன் குறைவாக இருந்தது. பலமுறை மருந்து பெற்ற குழந்தைகளையும் நோய் தாக்கியது, சந்தேகத்தை மேலும் வளர்த்தது.

மாற்றம் அச்சமூகத்துக்குள்ளிருந்தே வந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியவை பிரசாரத்தில் இணைந்தன. முகாம் நாள்கள் மசூதி ஒலிபெருக்கிகளில் அறிவிக்கப்பட்டன. இமாம்கள் முகாம்களைத் தொடங்கிவைத்தனர். அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களே வீடுவீடாகச் சென்று தாய்மார்களிடம் பேசினர். 2010-இல் இருவகைக் கிருமிகளுக்கு எதிரான புதிய சொட்டு மருந்தும் வந்தது. 2009-இல் 741 ஆக இருந்த பாதிப்பு 2010-இல் 42 ஆகவும், 2011-இல் ஒன்றாகவும் குறைந்தது.

போலியோ இன்றும் வேரூன்றியிருக்கும் பாகிஸ்தானில், சொட்டு மருந்துப் பணியாளர்களும் அவர்களுக்குக் காவலாகச் செல்லும் போலீசாரும் கொல்லப்பட்டு வருகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் மறுப்புக்குத் துணைபோன மசூதியின் குரலே பின்னர் மருந்துக்கு அழைப்பு விடுத்தது. ஆனால், அந்தக் குரல் மாறுவதற்குள் கால் சூம்பிப்போன குழந்தைகளுக்கு, மதகுருக்களும் பதில் சொல்ல வேண்டும். 1976-இல் மக்களின் நம்பிக்கையைக் குலைத்த அரசும் பதில் சொல்ல வேண்டும்.