ஒரு மன்னிப்புக் கடிதத்தால் மாறிய கதாநாயகி!



சினிமா பற்றி எழுதினால் தமிழ் ஐயா திட்டுவாரோ என்று பயந்துகொண்டே போய்க் கேட்டேன். 1955-ல் வந்த படம் என்றதும், "எழுது, ஆனா பிழையில்லாம எழுது" என்று விட்டுவிட்டார்.

அந்தப் படம் 'மிஸ்ஸியம்மா'. அது நம்மைப் போன்றவர்களுக்கான கதை, ஏனென்றால் அதில் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. பட்டம் படித்த கணவன் மனைவிதான் ஆசிரியர்களாக வேண்டும் என்று விளம்பரம் வருகிறது. வேலை கிடைக்காத ஒரு இளைஞரும், கிறிஸ்தவப் பெண்ணான மேரியும் கல்யாணம் ஆகாமலேயே கணவன் மனைவி என்று பொய் சொல்லி வேலையில் சேருகிறார்கள். அப்புறம் நடக்கிற கூத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

சென்னை வடபழனியில் இருந்த வாஹினி ஸ்டுடியோவில் விஜயா நிறுவனத்தார் இதை எடுத்தார்கள். தயாரிப்பாளர்கள் நாகிரெட்டியும் சக்கரபாணியும். 1947-ல் 'அம்புலிமாமா'வை ஆரம்பித்ததும் இந்த இரண்டு பேர்தான்! இயக்குநர் எல்.வி.பிரசாத். தெலுங்கில் 'மிஸ்ஸம்மா' என்ற பெயரில் என்.டி.ராமாராவ், தமிழில் ஜெமினி கணேசன். இரண்டு மொழிக்கும் ஒரே செட். ஒரு மொழியில் ஒரு காட்சியை எடுத்து முடித்ததும், அதே விளக்கு, அதே மேசை நாற்காலியோடு அடுத்த மொழிக்காரர்கள் வந்து நின்று பேசுவார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் ஒரு ஆள் வராவிட்டால் எத்தனை பேர் மேக்கப்போடு காத்திருக்கணும் என்று யோசித்துப் பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சண்டையே அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் மேரியாக நடித்தவர் சாவித்திரி இல்லை, பானுமதி! அவர் சாதாரண நடிகை கிடையாது. பாட்டு, கதை எழுதுவது எல்லாம் வரும். 1953-லேயே 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் அவரே இயக்கினார். சொந்தமாக ஸ்டுடியோவும் இருந்தது. யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ஒருநாள் அவர் வீட்டில் வரலட்சுமி விரதம். பூஜை முடித்து மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்று முன்கூட்டியே கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். ஆனால் அந்தக் கடிதம் தயாரிப்பு நிர்வாகியோடு நின்றுவிட்டது, சக்கரபாணி கைக்குப் போகவில்லை என்கிறார்கள். சக்கரபாணி கண்டிப்புக்குப் பேர் போனவர். பானுமதி மதியம் வந்ததும், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார். 'நான்தான் முன்னாடியே சொல்லியனுப்பினேனே, எதுக்கு மன்னிப்பு?' என்று பானுமதி மறுத்துவிட்டார். இரண்டு பேருமே இறங்கி வரவில்லை. அதுவரை அவரை வைத்து எடுத்திருந்த நாலு ரீலையும் சக்கரபாணி எரித்துவிட்டாராம்! ஒரு ரீல் சுமார் பத்து நிமிடம் ஓடும். நாலு ரீல் என்றால் முக்கால் மணி நேரப் படத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அதே படத்தில் இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரிக்கு மேரி வேடம் போனது. சாவித்திரியின் இடத்துக்கு ஜமுனா வந்தார். இதில் ஒரு விஷயம் கேளுங்கள். 1950-ல் 'சம்சாரம்' தெலுங்குப் படத்தில் சாவித்திரிக்குக் கதாநாயகி வாய்ப்பு கிடைத்து, பதற்றத்தில் சரியாக நடிக்க வராததால் கைநழுவிப் போயிருந்தது. அந்தப் படத்துக்கும் இயக்குநர் இதே பிரசாத்தான்.

1955 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் இரண்டு மொழியிலும் வந்து படம் வெற்றி. சாவித்திரி எங்கேயோ போய்விட்டார். பானுமதியும் பின்னாளில், தான் விலகியதால் ஒரு நல்ல நடிகை கிடைத்தாள் என்று பெருந்தன்மையாகத்தான் பேசினாராம்.

படம் வந்தபோது நம்ம திருத்தணி ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் இந்தப் பக்கம் வந்தோம். எங்க ஆயா பிற்பாடு டெண்டு கொட்டாயில் இரண்டையும் பார்த்திருக்கிறார். "எது ஆயா நல்லாருக்கும்?" என்று கேட்டேன். "ராமாராவும் நல்லாருப்பாரு, ஜெமினியும் நல்லாருப்பாரு. சாவித்திரி ஒண்ணுதானடா" என்றார்.

இந்தக் கதையை ஆயா எனக்குச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் சுதந்திர தின நாடகத்துக்கு நான்தான் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். வேலு நாச்சியாராக நடிக்க இருந்த தோழி, ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஒத்திகைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாள். மலையடிவாரத்தில் அவங்க வீட்டுப் பூக்கடை. காவடிக்கு மாலை கட்டி விரலெல்லாம் நார் அறுத்திருந்தது. நான் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. எல்லார் முன்னாடியும், "மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு நடி" என்றேன். போய்விட்டாள். வேஷத்தை வேறொரு தோழிக்குக் கொடுத்தேன். அவளும் நன்றாகத்தான் நடிக்கிறாள், அதில் குறை இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பையன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணா, அந்த அக்கா லேட்டாகும்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க, மறந்துட்டேன்" என்றான்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இதை ஆயாவிடம் சொன்னேன். அப்போதுதான் ஆயா மிஸ்ஸியம்மா கதையை எடுத்தார். ரீலை எரித்த இடம் வந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாச்சியார் வேஷத்தைத் திருப்பி வாங்க முடியாது, அது இன்னொரு பாவம். குயிலி வேஷத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நேற்று நானே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை, பூக்கடைக்கே போய் அவள் கையில் கொடுத்தேன். பிரித்துப் படிக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டு மறுபடி பூக்கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த ஒத்திகை திங்கட்கிழமை சாயந்திரம் நாலரை மணிக்கு.