விரல் சொன்ன சேதி

காஞ்சிபுரம் பட்டுப் புடைவையின் கரையை நேயர்கள் உற்றுப் பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு வர்ணம். கரை வேறொரு வர்ணம். இரண்டும் சேருமிடத்தில் நூலும் நூலும் கைகோத்தாற்போல் பிணைந்து நிற்கும். இதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடாக்கள் ஓட வேண்டிய வேலையாதலால், நெசவாளி ஒருவரால் மாத்திரம் ஆகாது. மறுபக்கத்துக் கரை நாடாவை வாங்கித் தர அருகில் இன்னொருவர் வேண்டும். நெடுங்காலமாக அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்து வந்தார்.

நான் உபாத்தியாயராக வந்த புதிதில், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட வேளையில் தூங்கி விழுவான். விரல் நுனிகளில் நூல் அறுத்த கீறல்கள். சோம்பேறி என்று தீர்மானித்து அவனைப் பெஞ்சியின்மேல் நிற்க வைத்தேன். பயிற்சிக் கல்லூரியில் ஹெர்பார்ட்டின் பாடப்படிகளை நெட்டுருப் போட்டிருந்தேனேயன்றி, ஒரு குழந்தையின் விரலைப் பார்க்க எவரும் கற்பித்ததில்லை. ஒரு நாள் அவன் வருவது நின்றது. தகப்பனார் முன்பணம் வாங்கிவிட்டார், அவன் தறிக்குப் போய்விட்டான் என்று பக்கத்துப் பையன் சொன்னான். என் பதிவேட்டில் "நீண்ட நாள் வரவில்லை" என்று எழுதி முடித்தேன்.

முன்பணத்தின் வழி இதுதான்: கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் கடன், அதற்கு ஈடு பிள்ளையின் உழைப்பு. கூலியோ அற்பம், ஆகவே கடன் கரைவதில்லை. இது சட்டத்துக்குத் தெரியாத சங்கதியன்று. குழந்தைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே சட்டம் செய்தார்கள். 1976-ல் கொத்தடிமை முறையே ஒழிக்கப்பட்டது. இருந்தும், 2003-ல் ஒரு சர்வதேச மனித உரிமை ஸ்தாபனம் பட்டுத் தறிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நம் காஞ்சியும் இடம் பெற்றது. 2016-ல் வந்த திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது; ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் தந்தது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது? அதைக் காணக்கூடியவர் தினமும் அந்த முகத்தைப் பார்க்கும் உபாத்தியாயரே.

வைத்தியர்களும் இப்படித்தான் கண்ணிருந்தும் காணாதிருந்தார்கள். அமெரிக்காவில் டாக்டர் ஹென்றி கெம்ப் என்பவரும் அவருடைய சகாக்களும், அடிபட்ட குழந்தைகளைப் பற்றி 1962-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எக்ஸ்ரே படத்தில் வெவ்வேறு காலத்தில் முறிந்து கூடிய எலும்புகள். பெற்றோர் சொல்லும் கதையோ அவற்றோடு பொருந்தாது. பெற்றவர்களா இப்படிச் செய்வார்கள் என்ற எண்ணமே வைத்தியரின் கண்ணை மறைத்தது என்றார்கள்.

நம் நாட்டில் 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகளோடு பழகும் ஊழியர்களுக்கு அவ்வப்போது பயிற்சி தரவேண்டும் என்று 2020-ஆம் வருஷத்து விதிகள் சர்க்காருக்குச் சொல்கின்றன. அச்சிட்ட காகிதத்தைப் படித்துக் காட்டி, காபி கொடுத்து அனுப்புவதைப் பயிற்சி என்று நான் ஒப்பமாட்டேன். கற்க வேண்டியது கேட்கும் விதம். வகுப்பின் நடுவே கேட்கலாகாது. "அவர்தானே அடித்தார்?" என்று பதிலை நாமே ஊட்டலாகாது. நாலு பேர் நாலு தடவை துருவலாகாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களிக்கவும் கூடாது. அதைக் காப்பாற்ற நம்மால் முடியாது. குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு, 1098-க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் விரல்களில் அதே கீறல்களைக் கண்டேன். தாழ்வாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "விரலுக்கு என்ன அம்மா?" என்றேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு பேசினாள். அன்று மாலையே தலைமையாசிரியரிடம் சொல்லி, 1098-க்குத் தகவல் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் அவள் தகப்பனார் பள்ளிக்கு வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ துண்டைக் கையில் சுருட்டியபடி, "வாங்கின முன்பணத்துக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க, சார்?" என்றார்.

அந்த மாதிரிக் கடன் 1976-ஆம் வருஷத்துச் சட்டத்தால் அழிந்துபோயிற்று, ஒரு காசும் தர வேண்டியதில்லை என்பதை இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அவர் பெஞ்சியில் உட்கார்ந்தார்.